எக்கேகோ கொடுத்த எட்டு

இந்த வருடம் மனைவி எழுதிக் கொடுக்கும் பட்டியலோடு சந்தைக்குப் போவதில்லை என்று இலாரியோன் ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் முடிவெடுத்தார். எடுத்த முடிவை உரக்கச் சொல்லவும் செய்தார். அப்போது வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் சொன்னார் என்பதுதான் முக்கியம்.

லா பாஸ் நகரத்தில் ஜனவரி இருபத்து நான்காம் தேதி உச்சிப்பொழுதுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கோயில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது, எது வேண்டுமோ அதைப் பொம்மையாக வாங்கிவிட வேண்டும். வீடு வேண்டுபவர் தீப்பெட்டி அளவில் வீடு வாங்குவார். மாவு வேண்டுபவர் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு மூட்டை. வாங்கியதற்குச் சாம்பிராணிப் புகை காட்டி, பூவிதழ் தூவி, வீட்டுக்குக் கொண்டுவந்து எக்கேகோவின் தோளில் மாட்டிவிட்டால், வருடம் திரும்புவதற்குள் நிஜப்பொருள் வாசலுக்கு வந்து சேரும். எக்கேகோ என்பவர் மீசை வைத்த சாந்துப் பொம்மை. இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்தபடி அலமாரியில் நிற்பார். திறந்த வாய் பாதி சிரிப்புக்கு, பாதி சிகரெட்டுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றைப் பற்றவைத்து அந்த வாயில் செருக வேண்டும். செருகாத வீட்டில் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பார்கள்.

இருபத்தாறு வருட மண வாழ்க்கையில் நியேவெஸ் கேட்டதெல்லாம் வந்திருந்தது. தகரத் துண்டு வாங்கினாள், கூரை வந்தது. குட்டிப் பயணப்பெட்டி வாங்கினாள், கொச்சபம்பாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் பயணம் வந்தது. இலாரியோன் ஒரே ஒரு முறை, பட்டியலுக்கு வெளியே, ஒரு சிவப்புக் கார் வாங்கினார். காரும் வந்தது. எதிர்வீட்டுக்காரனுக்கு வந்தது. அவன் அதை நிறுத்துவது இலாரியோனின் வாசலில்.

“எக்கேகோ குடுக்கத்தான் செஞ்சாரு. விலாசம்தான் ஒரு வீடு தள்ளிப் போச்சு” என்றாள் நியேவெஸ்.

இலாரியோன் சிரிக்கவில்லை. அவர் முப்பது வருடம் நீதிமன்ற வாசலில், நடைபாதையில், தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்தவர். மனு தள்ளுபடியாவது ஒரே காரணத்தால்தான்: விவரம் போதாமை. சிவப்புக் கார் என்று கேட்டாரே தவிர, யாருக்கு என்று எழுதவில்லை. சாந்துப் பொம்மையானாலும் அதுவும் ஓர் அலுவலகம்தானே.

ஆகவே இந்த முறை கட்டைவிரல் பருமனில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் விலாவில் ‘8’ என்று எழுதினார். அடியில் தம் முழுப்பெயரையும் எழுதப் பார்த்தார். கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை.

“என்னங்க எட்டு?” என்றாள் பொம்மைக்காரி.

“மெமரி. எவ்வளவுன்னு சொல்லாம கேட்டா, ஏதோ ஒண்ணு வரும்.”

பக்கத்தில் நின்ற நியேவெஸ் எதையோ வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நீ என்ன வாங்கினே?”

“வந்தா தெரியும்” என்றாள்.

இலாரியோனுக்கு மெமரி எதற்கு என்று கேட்கலாம். அவர் தெருவின் நடனச் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்துக்கு ஜூனில் ஐம்பது வயது. அதன் சரித்திரத்தை அவர் எழுதிவந்தார். யார் எந்த வருடம் எந்த வரிசையில் ஆடினார், யார் காலணி எந்த முனையில் பிய்ந்தது, எந்த டிரம்பெட்காரன் எந்தக் கோயில் வாசலில் மயங்கி விழுந்தான் என்று ஆயிரத்து நூறு பக்கம் ஆகியிருந்தது. அத்தனையும் ஒரே கோப்பில். அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு அடுப்பில் உருளைக்கிழங்கு வைத்தால் கிழங்குதான் முதலில் வேகும். லா பாஸ் உயரத்தில் கிழங்கு வேக எத்தனை நேரமாகும் என்பது மலையேறிச் சமைத்தவர்களுக்குத் தெரியும். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த மெமரி ஒரே ஒரு ஜிபி.

வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரும் இருந்தது. இருந்தது என்றால், சமையலறையில் முக்காலியாக இருந்தது.

அதன் கதை இது. நியேவெஸ் நடனக்காரர்களின் மேலங்கிகளுக்குப் பூவேலை செய்பவள். இப்போதெல்லாம் பூவைத் துணியில் வரைவதில்லை. கம்ப்யூட்டரில் வரைந்து, தையல் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்காக அவள் தினமும் மலைச்சரிவில் முந்நூறு படி இறங்கி ரொசெந்தா அம்மாளின் பட்டறைக்குப் போவாள். பூவை நியேவெஸ் வரைவாள். அங்கியின் கழுத்துப் பட்டியில் ‘ரொசெந்தா’ என்று பெயர் தைத்திருக்கும். ஒரு வருடம் ஊர்வலத்தில் நியேவெஸின் எழுபது மயில்கள் ஆடிக்கொண்டு போயின. அவ்வளவும் ரொசெந்தாவின் மயில்கள் என்று ஊர் பேசியது. அன்று வீட்டுக்கு வந்து அவள் வெங்காயம் நறுக்கினாள். வெங்காயம் தேவைப்படாத குழம்புக்கும் நறுக்கினாள்.

டிசம்பரில் ஒரு சரக்கு ஏஜென்டின் ஆபீஸை மூடினார்கள். அங்கே திரைச்சீலை தைத்துப் போட்டதற்குப் பதிலாக நியேவெஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கிடைத்தது. நல்ல பெட்டி. ஆனால் உள்ளே மெமரியை யாரோ கழற்றியிருந்தார்கள். மெமரி இல்லாத கம்ப்யூட்டருக்கு முக்காலி உத்தியோகம்தான். நியேவெஸ் அதைப் படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, கோடு போட்ட கம்பளித் துணியால் மூடினாள். இலாரியோன் தினமும் காலையில் அதன்மேல் உட்கார்ந்து ஊதா நிறச் சோளக்கஞ்சி குடிப்பார்.

சந்தை முடிந்த ஆறாம் நாள் கசியானோ வந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். இலாரியோனின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று அழைத்துக்கொள்வார்கள். மூடிய ஆபீஸைக் காலி செய்துகொடுக்கும் வேலை அவனுடையது.

“கொம்பாத்ரே, அவங்க இல்லையா?”

“ரொசெந்தா கடைக்குப் போயிருக்கா. என்ன விஷயம்?”

“அவங்க பெட்டியோட மெமரி கிடைச்சிருச்சு. ஆபீஸ் மேஜை டிராயர்ல ஒரு கவருக்குள்ள கிடந்தது. ரெண்டு பட்டை. நாலும் நாலும் எட்டு. செருகிவிட்டா பெட்டி ஓடும்.”

இலாரியோனுக்குக் காதில் விழுந்தது ஒரு சொல்தான். எட்டு. அவர் அலமாரியைப் பார்த்தார். எக்கேகோ வாயைத் திறந்து நின்றார். தோளில் தொங்கிய குட்டிக் கம்ப்யூட்டரில் அவர் கையெழுத்தில் அதே எட்டு.

இந்த இடத்தில் இலாரியோனைக் கெட்டவர் என்று எண்ணிவிடக் கூடாது. கேட்டது எட்டு. வந்ததும் எட்டு. கசியானோ வெறும் தபால்காரன். கவரின்மேல் பெயர் இல்லை. முப்பது வருடம் மனு அடித்த ஒருவர் இதைத் தம் பக்கத் தீர்ப்பாகப் படிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

“இங்க குடுங்க. நானே அவகிட்ட சொல்றேன். நீங்க எதுவும் சொல்லாதீங்க. அவ ஆச்சரியப்படணும்.”

“சொல்ல மாட்டேன். பெர்த்தாகிட்டகூடச் சொல்ல மாட்டேன்” என்றான் கசியானோ. பெர்த்தா அவன் மனைவி. அன்று இரவுச் சூப்பு மேஜைக்கு வருமுன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது பின்னால் தெரியவந்தது.

பெட்டிகள் இரண்டும் ஒரே காலத்தவை. ஒன்றின் பட்டை மற்றொன்றில் பொருந்தும். இலாரியோன் தம் கம்ப்யூட்டரின் விலாவைத் திறந்து, பழைய பட்டையை எடுத்துவிட்டு, விரல் நீளத்துப் பச்சைப் பட்டைகள் இரண்டையும் செருகினார். சரித்திரத்தைத் திறந்தார். அடுப்பில் வைத்த தண்ணீர் வெதுவெதுப்பாகுமுன் கோப்பு திறந்துகொண்டது. ஐம்பது வருடத்து டிரம்பெட்டும் ஒரே நேரத்தில் ஊதியதுபோல் இருந்தது அவருக்கு.

அந்தச் சந்தோஷத்தில், எத்தனை மெமரி என்று கம்ப்யூட்டர் வாயாலேயே கேட்டுவிடுவோம் என்று அதற்கான பக்கத்தைத் திறந்தார். அங்கே இப்படி எழுதியிருந்தது:

பொருத்தியுள்ள மெமரி: 8 ஜிபி (பயன்படுத்தக்கூடியது 3.25 ஜிபி).

இலாரியோன் அடைப்புக்குறிகளின் மனிதர். எந்தப் பத்திரத்திலும் விஷயம் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும் என்பது அவர் நடைபாதையில் கற்ற பாடம். ‘வீடு மகனுக்கு (தாயின் காலத்துக்குப் பின்)’ என்று எழுதினால் மகன் எங்கே தூங்குவான் என்பதை அடைப்புக்குறிதான் தீர்மானிக்கும். ஆகவே அவர் கையேட்டை எடுத்து மூன்று முறை படித்தார்.

விஷயம் இதுதான். அவர் கம்ப்யூட்டரை நடத்தும் இயங்குதளம் முப்பத்திரண்டு இலக்க ஜாதி. மெமரியில் உள்ள ஒவ்வொரு அறைக்கும் அது கதவிலக்கம் எழுதிவைக்கும். இலக்கத்துக்கு முப்பத்திரண்டு கட்டம்தான், ஒவ்வொரு கட்டத்திலும் சுழி அல்லது ஒன்று. இப்படி எத்தனை வீட்டுக்கு இலக்கம் எழுத முடியும் என்றால் நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம். அதாவது நாலு ஜிபி. அதற்கு மேல் மலையுச்சியில் நீங்கள் எத்தனை வீடு கட்டினாலும் நகராட்சிக்குத் தெரியாது. இலக்கம் இல்லாத வீட்டுக்குத் தபால் போகாது. அந்த நாலிலும் முக்கால் ஜிபியைத் திரை, அச்சு இயந்திரம் முதலிய அரசு அதிகாரிகள் தங்கள் குடியிருப்புக்கு என்று ஒதுக்கிக்கொள்வார்கள். மிஞ்சுவது மூன்றேகால்.

அறுபத்து நான்கு இலக்க இயங்குதளம் போட்டால் எட்டும் தெரியும். ஆனால் இலாரியோன் சரித்திரத்தை எழுதிய மென்பொருள் அவருக்கு முதல் நரை விழுந்த வருடத்தது. பெரிய தளத்தில் அது மூச்சே விடாது. ஆயிரத்து நூறு பக்கமும் அதற்குள் இருந்தது.

ஆக, இரண்டு பட்டைகளில் ஒன்று வேலை செய்யும். மற்றது உள்ளே சும்மா உட்கார்ந்து ஓய்வூதியம் வாங்கும்.

ஒன்றை நியேவெஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவருக்கும் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. கை பெட்டிவரை போனது. ஆனால் கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இரண்டையும் கொடுக்க வேண்டும். அதற்குள் வாசலில் காலடி கேட்டது.

“ஏங்க, பெட்டி ஏன் தொறந்து கிடக்கு?”

“எக்கேகோ குடுத்துட்டாரு.”

“எதை?”

“எட்டை.”

நியேவெஸ் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். “எப்படிக் குடுத்தாரு? அலமாரியிலேருந்து இறங்கி வந்தா?”

“எப்படின்னு அவருக்குத் தெரியும். நமக்கு எதுக்கு?”

அவள் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். “ரெண்டு இருக்கே.”

“நாலு, நாலு.”

“ஒண்ணை என் பெட்டிக்குக் குடுங்களேன். ஜூன் ஊர்வலத்துக்கு நாற்பது அங்கி கேட்டிருக்காங்க. வீட்டுலயே வரைஞ்சா கழுத்துல என் பேரு வரும்.”

“ஜோடிப் பட்டை. ஜோடியைப் பிரிக்கக் கூடாது.”

“நம்மளை ரொசெந்தா தினம் ஒம்பது மணி நேரம் பிரிச்சு வைக்கிறா. நாம ரெண்டு பேரும் வேலை செய்யலையா?”

“நான் மெஷினைச் சொல்றேன்.”

“சரி. உங்க பெட்டி எட்டையும் தின்னுருமா?”

“தின்னுரும்.”

“காட்டுங்க பாப்போம்.”

இலாரியோன் அந்தப் பக்கத்தைத் திறந்தார். திறந்த கையோடு திரையில் ஒரு தூசியைத் துடைப்பதுபோல் வலது கட்டைவிரலை அடைப்புக்குறியின்மேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

“பாரு. எட்டு.”

“பக்கத்துல என்ன?”

“எங்க?”

“உங்க விரலுக்குக் கீழ.”

“அடைப்புக்குறி.”

“அதுக்குள்ள?”

“முக்கியம் இல்லாததைத்தான் அடைப்புக்குறிக்குள்ள போடுவாங்க. அதுக்குத்தானே அதைக் கண்டுபிடிச்சிருக்காங்க.”

நியேவெஸ் அந்தக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. பேசாத நியேவெஸிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதை அவர் இருபத்தாறு வருடத்தில் கற்றிருக்க வேண்டும். அந்தப் பாடமும் எங்கோ அடைப்புக்குறிக்குள் விழுந்துவிட்டது.

மறுநாள் அவர் ரொட்டி வாங்கப் போனார். ரொட்டிக்காரனிடம் எட்டு ஜிபியின் பெருமையைச் சொல்லிவிட்டு வர ஒரு மணி நேரமாயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே நமக்கும் இப்போதைக்குத் தெரியாது. வந்து பார்த்தபோது அவருடைய கம்ப்யூட்டர் பளபளவென்று இருந்தது.

“தூசி தட்டினேன்” என்றாள் நியேவெஸ்.

கோபம் இல்லை போலிருக்கிறது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. குற்ற உணர்வும் கொஞ்சம் நிறைந்தது. அதைக் கஞ்சியோடு விழுங்கிவிட்டார். பிறகு அந்த மெமரிப் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை. அடைப்புக்குறியை மறுபடி சந்திக்க மனமில்லை.

அடுத்த நாலு வாரம் இலாரியோனின் பொற்காலம். சங்கக் கூட்டத்தில் “என்கிட்ட எட்டு இருக்கு” என்பார், எட்டு ஆண்பிள்ளை பெற்றவர்போல. சரித்திரம் தினமும் முப்பது பக்கம் வளர்ந்தது. முன்பைவிட வேகம் என்றார். நேற்றைவிட இன்று வேகம் என்றார். “பட்டை பழகப் பழகத்தான் வேகம் கூடும். புதுச் செருப்பு மாதிரி” என்று கசியானோவிடமே விளக்கினார். கசியானோ சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

வீட்டிலும் சுகம் கூடியிருந்தது. நியேவெஸ் ரொசெந்தாவின் பட்டறைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். “அங்க இப்ப வேலை இல்லை” என்றாள். பாவம் என்று நினைத்தார். சமையலறை டிவியில் நாள் முழுக்க ஏதோ பூவும் மயிலுமாக ஓடியது. பார்த்துப் பொழுதுபோக்கட்டும் என்று விட்டுவிட்டார். பக்கத்துத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்து, அதே டிவி முன்னால் நின்று, அந்த நீலம் வேண்டாம், வால் இன்னும் நீளமாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தொடர்கதைமேல் பெண்களுக்கு எத்தனை ஈடுபாடு என்று வியந்தார். ரொட்டிக் கூடையை மூடிய துணியை ஒருமுறை அவர் தூக்கப் போனபோது கைமேல் ஓர் அடி விழுந்தது.

“ரொட்டி ஆறட்டும்.”

“நேத்து வாங்கின ரொட்டி.”

“அப்ப நேத்துலேருந்து ஆறுதுன்னு வச்சுக்குங்க.”

எல்லாவற்றையும்விடப் பெரிய சுகம் முக்காலி. லா பாஸில் பிப்ரவரி மழை எலும்புக்குள் பெய்யும். வீடுகளில் கணப்பு கிடையாது. ஆனால் அந்த முக்காலியில் காலையில் உட்கார்ந்தால் கீழிருந்து இதமாக ஒரு சூடு ஏறியது. அறுபத்திரண்டு வயதில் இரத்த ஓட்டம் திரும்பிவிட்டது என்று இலாரியோன் நம்பினார். காதில் மெல்லிய ரீங்காரமும் கேட்டது. இரத்தம் ஓடினால் சத்தம் கேட்கத்தானே செய்யும். கஞ்சி முடிந்த பிறகும் அரைமணி உட்கார்ந்திருப்பார்.

“எழுந்திரிக்க மாட்டீங்களா?” என்பாள் நியேவெஸ், கையில் துணியை வைத்துக்கொண்டு.

“இங்க உட்கார்ந்தா முதுகுவலி தெரியல.”

“உட்காருங்க, உட்காருங்க. நீங்க உட்கார்ந்தாலும் அது ஓடும்.”

இரத்தத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு சிறு சிக்கல்.

“எக்கேகோ குடுத்திருக்காரு. சிகரெட்டு வைக்கிறது உங்க பொறுப்பு” என்று நியேவெஸ் சொல்லியிருந்தாள். இலாரியோன் சிகரெட்டை விட்டு ஏழு வருடம். விட்டது அவர். விடவைத்தது அவள். முனைக் கடையில் ஒற்றைச் சிகரெட்டு வாங்கிப் பற்றவைத்து, அணையாமல் வீடுவரை கொண்டுவர வேண்டும். அணையாமல் இருக்க யாராவது இழுத்துக்கொண்டே வர வேண்டும். வீட்டு வாசலில் பார்த்தால் பாதிதான் இருக்கும். அந்தப் பாதியை எக்கேகோவின் வாயில் செருகுவார். எக்கேகோ புகார் எதுவும் சொன்னதில்லை. நியேவெஸ் மூக்கை ஒருமுறை உறிஞ்சுவாள். அவளும் எதுவும் சொன்னதில்லை.

கார்னிவல் செவ்வாய் வந்தது. அன்று தெளிப்பு. ஊரில் யாருக்கு எது சொந்தமோ அதற்கெல்லாம் காகித நாடா சுற்றி, வண்ணக் காகிதப் பொட்டுத் தூவி, மதுவோ பீரோ தெளித்து, பூமித்தாய்க்கு நன்றி சொல்ல வேண்டும். கூரைக்குத் தெளிப்பார்கள். காருக்கு, காஸ் அடுப்புக்கு, தையல் இயந்திரத்துக்குத் தெளிப்பார்கள். பகல் பதினொரு மணிக்குள் தெருவெல்லாம் பட்டாசுச் சத்தமும் பீர் நுரையும். இலாரியோன் வீட்டுக்குக் கசியானோவும் பெர்த்தாவும் வந்திருந்தார்கள். சங்கத் தலைவரும் வந்திருந்தார்.

“முதல்ல என் கம்ப்யூட்டர். எக்கேகோ குடுத்ததுக்கு மூடிமேல தெளிச்சா மரியாதை இல்லை. உள்ள தெளிக்கணும்” என்றார் இலாரியோன்.

“கொம்பாத்ரே, வேண்டாம். ஈரம் ஆகாது” என்றான் கசியானோ. அவன் முகம் வெளுத்திருந்தது. காரணம் ஈரம் மட்டுமல்ல.

“ஒரு சொட்டு. விரல் நுனியால.”

மின்கம்பியைப் பிடுங்கினார். கழுத்தில் காகித நாடாவோடு, ஒரு கையில் கோப்பையோடு, மற்றக் கையால் விலாவைத் திறந்தார். எல்லாரும் எட்டிப் பார்க்க வழிவிட்டார். சங்கத் தலைவரைப் பார்த்து, “இதோ, நாலும் நாலும்…” என்று தொடங்கினார்.

உள்ளே ஒரு நாலு இருந்தது. இன்னொரு நாலு இருந்த இடத்தில் அதைச் செருகும் பள்ளம் மட்டும் இருந்தது.

தெருவில் ஒரு பட்டாசுச் சரம் வெடித்து ஓய்ந்தது.

“ஒண்ணைக் காணோம்” என்றார் இலாரியோன். “யாரோ எடுத்திருக்காங்க.”

“யாரு குடுத்தது அது?” என்றாள் நியேவெஸ். அவள் வாசல்படியில் பூவிதழ்க் கூடையோடு நின்றிருந்தாள்.

“எக்கேகோ.”

“வேற யாரும் குடுக்கலையே? கவர்ல போட்டு, கையில கொண்டுவந்து?”

கசியானோ தன் காலணியை ஆராய்ந்தான். பெர்த்தா தன் கணவனை ஆராய்ந்தாள். இலாரியோனுக்கு இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டு பட்டையும் நியேவெஸுடையவை. சொல்லாவிட்டால் ஒன்றாவது மிஞ்சும்.

“எக்கேகோதான் குடுத்தாரு” என்றார் மெதுவாக.

“அப்ப அவருதான் எடுத்திருப்பாரு. குடுத்தவருக்கு எடுக்கத் தெரியாதா? வெள்ளிக்கிழமை சிகரெட்டு வச்சீங்களா?”

“வச்சேனே.”

“முழுசா?”

இலாரியோன் கழுத்துக் காகித நாடாவைச் சரிசெய்தார். சங்கத் தலைவர் இருமினார்.

“பாதிச் சிகரெட்டு வச்சிருக்கீங்க. பாதி மெமரி எடுத்திருக்காரு” என்றாள் நியேவெஸ். “நியாயமான ஆளு. நானா இருந்தா ரெண்டையும் எடுத்திருப்பேன்.”

இலாரியோன் சமையலறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். கீழிருந்து இதமாகச் சூடு ஏறியது. ரீங்காரம் கேட்டது. எதிரே டிவியில் ஒரு மயில் தோகை விரித்து அசையாமல் நின்றது. அதன் வாலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி இறங்கி, சுவரோரமாக ஓடி, முக்காலியின் கம்பளித் துணிக்குள் நுழைந்தது. ரொட்டிக் கூடையின் துணிக்கு வெளியே விசைப்பலகையின் ஒரு மூலை தெரிந்தது.

அவர் சட்டென்று எழவில்லை. மனுதாரர் தீர்ப்பைக் கடைசி வரிவரை கேட்டுவிட வேண்டும்.

“நியேவெஸ்.”

“சொல்லுங்க.”

“எக்கேகோ எடுத்ததை எங்க வச்சிருக்காரு?”

“நாலு வாரமா நீங்க அதுமேலதான் உட்கார்ந்திருக்கீங்க.”

“எனக்கு மூணேகால்தான் ஆகும்னு உனக்கு யாரு சொன்னது? கசியானோவா?”

“மெமரி எங்கேருந்து வந்ததுன்னு பெர்த்தா சொன்னா. எத்தனை மிச்சம்னு உங்க கட்டைவிரல் சொல்லிச்சு. நீங்க ரொட்டிக்குப் போனப்ப விரல் இல்லாம படிச்சேன்.” அவள் குரல் இறங்கியது. “உங்க சரித்திரத்துக்குக் குறைஞ்சிருந்தா திருப்பி வச்சிருப்பேன். எடுத்துட்டு ஒரு வாரம் பார்த்தேன். வேகம் கூடியிருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க.”

அது உண்மை. ரொட்டிக்காரன், சங்கம், கசியானோ என்று சாட்சியும் நிறைய.

நியேவெஸ் ரொட்டித் துணியை எடுத்து விசைப்பலகையில் எதையோ தட்டினாள். மயில் போய் ஒரு புத்தக அட்டை வந்தது. சுற்றிலும் பூக்கொடி. நடுவில் சங்கத்தின் பெயர். அதன் கீழே இலாரியோனின் பெயர், கடைசி எழுத்துவரை, போதுமான இடத்தோடு.

“அட்டைக்கு வரைஞ்சது. பிடிக்கலைன்னா மாத்திரலாம்.”

இலாரியோன் வெகுநேரம் பார்த்தார். எழுத்துப் பிழை தேடினார். இல்லை. அலமாரிக்குத் திரும்பி எக்கேகோவைத் தூக்கினார். அவர் முதுகில், இதுவரை யாரும் பார்க்காத பக்கத்தில், கையகலத்தில் ஒரு தையல் பட்டறை தொங்கியது. வாசல் பலகையில் நியேவெஸ் என்று எழுதியிருந்தது.

“எழுந்தது எழுந்தாச்சு. அந்தக் கோப்பையைக் குடுங்க, இதுக்கும் தெளிக்கணும்” என்றாள் அவள். “வெளியில மட்டும்.”

தெளித்தார். காகிதப் பொட்டும் தூவினார். சங்கத் தலைவர் கை தட்டினார்.

மறுநாள் காலையில் நியேவெஸ் தன் கம்ப்யூட்டரை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டாள். இலாரியோனுக்குச் சந்தையில் வாங்கிய மர முக்காலி. அதில் உட்கார்ந்து கஞ்சி குடித்தபடி சரித்திரத்தைத் திறந்தார். தண்ணீர் வெதுவெதுப்பாகுமுன் திறந்துகொண்டது. பாதி மெமரி போனதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முக்காலியில் சூடு போனதுதான் தெரிந்தது.